மூன்று மரணங்களும் ஒரு மருத்துவமனையும்: ஐடா ஸ்கடரின் வாழ்வும் சிசேரியன் காயப் பராமரிப்பும்

ஏற்காட்டிலிருந்து சேலத்திற்கு இறங்கும் மலைச்சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சேர்வராயன் மலையின் நாகலூர், வெள்ளக்கடை, மஞ்சக்குட்டை, மாரமங்கலம் போன்ற ஊராட்சிகளில் வாழும் நீங்களோ உங்கள் வீட்டுப் பெண்ணோ சிசேரியன் அறுவைசிகிச்சை மூலம் குழந்தை பெற்றிருந்தால், பெரும்பாலும் இவ்வளைவுகளைக் கடந்தே மருத்துவமனைக்குச் சென்றிருப்பீர்கள். இவற்றைக் கடந்தே வீடு திரும்பியிருப்பீர்கள். போகும்போது வயிற்றில் குழந்தை இருந்தது. வரும்போது குழந்தை மடியில் இருக்கிறது. வயிற்றில் தையலிட்ட ஒரு காயம் இருக்கிறது. குழந்தையைக் கவனிக்க வீட்டில் பலர் உண்டு. காயத்தைக் கவனிப்பவர் பெரும்பாலும் தாய் ஒருவரே.

அக்காயம் சீழ் பிடிக்காமலும் பிரியாமலும் ஆறுவதற்குச் செய்ய வேண்டியவற்றை இப்பக்கம் விளக்குகிறது. அறிவுரைகளை மட்டும் வரிசையாகச் சொன்னால் அவை மனத்தில் தங்குவதில்லை என்பது எங்கள் அனுபவம். எனவே, தமிழகத்தில் பிறந்து தமிழகத்திலேயே மறைந்த மருத்துவர் ஐடா ஸ்கடரின் வாழ்க்கையோடு சேர்த்து அவற்றைச் சொல்கிறோம். பிரசவத்தில் தாய்மார் இறப்பதைத் தாங்க மாட்டாமல் மருத்துவம் படிக்கச் சென்றவர் அவர்.

இராணிப்பேட்டையில் பிறந்த குழந்தை

ஐடா ஸ்கடர் 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய பாட்டனார் ஜான் ஸ்கடர், 1819இல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணத்திற்கு வந்து மருத்துவப் பணி செய்தவர். பின்னர் சென்னைக்கு வந்தவர். தந்தையும் மருத்துவரே. மூன்றாம் தலைமுறையான ஐடாவுக்கு இந்தப் பரம்பரைத் தொழிலில் சிறிதும் விருப்பமில்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்தின்போது, பசித்த குழந்தைகளுக்கு ரொட்டித் துண்டுகளைப் பிட்டுக் கொடுக்கும் வேலை அச்சிறுமிக்குத் தரப்பட்டது. அந்தக் காட்சிகள் அவருக்கு இந்நாட்டின் மீது அச்சத்தையே வளர்த்தன. பின்னர் அமெரிக்காவில் படித்த காலத்தில், மீண்டும் இங்கு வருவதில்லை என்றே அவர் எண்ணியிருந்தார்.

1890இல் தாயார் நோயுற்றார். அவரைக் கவனித்துக்கொள்வதற்காக மட்டும், சில காலம் தங்கும் எண்ணத்துடன், ஐடா திண்டிவனத்திற்கு வந்தார். அங்கே ஓர் இரவு நிகழ்ந்ததை அவர் வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்தார்.

அன்றிரவு வீட்டு வாசலுக்கு ஒருவர் பின் ஒருவராக மூன்று ஆண்கள் வந்தனர். ஒருவர் பிராமணர்; ஒருவர் இசுலாமியர்; மற்றொருவர் வேறொரு சாதியைச் சேர்ந்த இந்து. மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தனர், குழந்தை வெளிவரவில்லை. ஐடாவின் தந்தை மருத்துவர், அந்த வீட்டிலேயே இருந்தார். வரவும் ஆயத்தமாக இருந்தார். ஆனால் ஓர் ஆண் மருத்துவர் தம் மனைவியைத் தொட்டுச் சிகிச்சை செய்வதை அவர்களுள் எவரும் ஏற்கவில்லை. அவர்கள் அழைத்தது ஐடாவை. அவருக்கோ மருத்துவத்தில் ஓர் எழுத்தும் தெரியாது. மூவரும் வெறுங்கையுடன் திரும்பினர். விடியலில் பறையொலி கேட்டது. விசாரித்தபோது, மூன்று பெண்களும் இறந்துவிட்டதாகத் தெரிந்தது. அன்று காலையிலேயே, மருத்துவம் படிக்கப் போவதாக ஐடா பெற்றோரிடம் தெரிவித்தார்.

இக்கதையைப் பலர் கேட்டிருப்பீர்கள். பாடநூல்களிலும் வந்திருக்கிறது. ஆனால் ஒரு கேள்வி பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை: அன்றிரவு ஒரு பெண் மருத்துவர் சென்றிருந்தால் அம்மூவரும் பிழைத்திருப்பார்களா?

அக்காலத்துச் சிசேரியன்

நேர்மையாகச் சொன்னால், உறுதியாகக் கூற இயலாது. ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுக்க முடிந்திருந்தால் சிலர் பிழைத்திருக்கலாம். வயிற்றைத் திறந்து குழந்தையை எடுப்பது என்பது அன்றைய நாளில் உலகின் பெரிய மருத்துவமனைகளிலும் தாயின் உயிரைப் பணயம் வைக்கும் செயலாகவே இருந்தது. மயக்க மருந்து 1840களிலேயே வந்துவிட்டது. வலியின்றி அறுக்க முடிந்தது. ஆனால் அறுத்த பிறகு தாய் இரண்டு வழிகளில் இறந்தார். ஒன்று இரத்தப்போக்கு. கருப்பையைத் தைக்கக் கூடாது என்று அறுவை மருத்துவர்கள் நெடுங்காலம் நம்பியிருந்தனர். அதைத் திறந்தபடியே விட்டு வயிற்றை மூடினர். கருப்பைச் சுவரை அடுக்கடுக்காகத் தைத்து மூட வேண்டும் என்பதை ஜெர்மனியின் மாக்ஸ் சாங்கர் 1882இல்தான் முறையாக எழுதி நிலைநாட்டினார்.

மற்றொன்று கிருமித்தொற்று. வியன்னா நகர மருத்துவமனையில் பணியாற்றிய இக்னாஸ் செம்மல்வைஸ் 1847இல் கண்டறிந்ததை இங்கு நினைவுகூர வேண்டும். பிணங்களை அறுத்துப் பயின்ற மாணவர்களும் மருத்துவர்களும் அதே கையுடன் வந்து பிரசவம் பார்த்த பகுதியில் தாய்மார் காய்ச்சல் கண்டு இறந்தனர். மருத்துவச்சிகள் பிரசவம் பார்த்த பகுதியில் இறப்பு குறைவாக இருந்தது. குளோரின் கலந்த நீரில் கைகளைக் கழுவுமாறு அவர் கட்டாயப்படுத்தினார். அவ்வாண்டு ஏப்ரலில் நூற்றுக்குப் 18 பேர் என்றிருந்த இறப்பு, சில மாதங்களில் ஏறத்தாழ 2 பேராகக் குறைந்தது. ஆயினும் தம் கைகளே கொன்றன என்பதை ஏற்க மருத்துவ உலகம் மறுத்தது. 1865இல் அவர் மனநலக் காப்பகத்தில் இறந்தார். அடுத்த சில ஆண்டுகளில் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தால் அறுவைக் காயங்களைக் காத்துக் காட்டிய பின்னரே உலகம் மெல்ல மெல்ல மாறியது.

ஐடா மருத்துவம் படித்த காலம், இம்மாற்றம் முழுமை பெற்ற காலம். 1895இல் பிலடெல்பியாவில் இருந்த மகளிர் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்கத் தொடங்கியதும் அங்கு மாறி, 1899இல் பட்டம் பெற்றார். கருவிகளைக் கொதிக்க வைப்பது, துணிகளை நீராவியில் தூய்மை செய்வது, அறுவையின்போது ரப்பர் கையுறை அணிவது ஆகியவை அப்போது புதிய பாடங்கள். கையுறை வந்த கதை சற்று விந்தையானது. பால்டிமோர் நகரில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்னும் அறுவை மருத்துவர், கிருமிநாசினியால் புண்ணான தம் செவிலியரின் கைகளைக் காப்பதற்காகவே அதைச் செய்வித்தார். நோயாளியைக் காப்பதும் அதுவே என்பது பின்னர்தான் தெரிந்தது.

எனவே ஐடா 1900ஆம் ஆண்டு தொடக்கத்தில் இந்தியா திரும்பியபோது, திண்டிவனத்து வாசலில் நின்ற பெண்ணாக இல்லை. காயத்தில் கிருமி புகாமல் தடுக்கக் கற்றவராக வந்தார். இன்று சிசேரியன் ஒரு வழக்கமான அறுவைசிகிச்சையாகிவிட்டதற்கு, மயக்க மருந்து, கருப்பைத் தையல், தூய்மை, பின்னாளில் வந்த இரத்தமேற்றல், நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்துகள் ஆகிய அனைத்தும் காரணம். இவற்றுள் உங்கள் கையில் இருப்பது தூய்மை ஒன்றே.

அறுவைக்கு முன்னரே தொடங்கும் காப்பு

வேலூரில் ஐடா முதலில் சிகிச்சை அளித்தது தம் பெற்றோர் வீட்டின் ஒரு சிறு அறையில். வந்த சில மாதங்களிலேயே தந்தை இறந்தார். அனுபவமற்ற இளம்பெண் ஒருவரிடம் வர மக்கள் தொடக்கத்தில் தயங்கினர். வீட்டில் பணிசெய்த சலோமி என்ற பெண்ணே அவருக்கு உதவியாளரானார். நியூயார்க்கைச் சேர்ந்த ராபர்ட் ஷெல் என்னும் வங்கியாளர் தம் மறைந்த மனைவியின் நினைவாக அளித்த 10,000 டாலரைக் கொண்டு, 1902இல் 40 படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் நினைவு மருத்துவமனை திறக்கப்பட்டது. வேலூரில் அவ்வளாகம் இன்று கண் மருத்துவமனையாகச் செயல்படுகிறது.

அங்கு வந்த பெண்கள் பலர், வீட்டில் எல்லா முயற்சியும் செய்து பார்த்துக் கைவிட்ட பின் மாட்டுவண்டியில் ஏற்றி வரப்பட்டவர்கள். இரத்தச்சோகையும் தொற்றும் ஏற்கெனவே உடலில் இருந்தன. எத்தனை தூய்மையாக அறுத்தாலும், வலுவிழந்த உடலில் காயம் ஆறுவது கடினம். இது இன்றும் மாறாத உண்மை. ஆகவே உங்கள் காயத்தின் பாதுகாப்பு, கர்ப்பம் உறுதியான நாளிலேயே தொடங்குகிறது.

இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்தச்சோகை. கிராம சுகாதாரச் செவிலியர் தரும் இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரைகளைத் தவறாமல் உட்கொள்ளுங்கள். மலம் கறுப்பாகப் போகிறது என்று நிறுத்திவிட வேண்டா. அது மாத்திரையின் இயல்பான விளைவு. சர்க்கரை நோய் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும். 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்து, 2 மணி நேரம் கழித்து எடுக்கும் பரிசோதனையில் அளவு 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால், மருத்துவர் கூறும் உணவுமுறையைப் பிரசவம் வரையும் அதன் பின்னரும் பின்பற்றுங்கள்.

அறுவைக்கு நாள் குறித்திருந்தால், முந்தைய இரவோ அன்று காலையோ சோப்பிட்டுக் குளித்துவிட்டுச் செல்லுங்கள். வீட்டிலேயே அடிவயிற்று முடியைச் சவரம் செய்துகொண்டு போகாதீர்கள். பலரும் இதைத் தூய்மை என்று எண்ணுகின்றனர். சவரக்கத்தி தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்கும். அக்கீறல்களில் கிருமிகள் பெருகும். தேவையெனில் மருத்துவமனையிலேயே கத்தரித்து நீக்குவர். தோலை அறுப்பதற்கு முன்பாக நுண்ணுயிர் எதிர்ப்பி ஊசி ஒன்று போடப்படும். அது நோய்க்கான மருந்து இல்லை. தொற்று வராமல் தடுப்பதற்கானது. ஏதேனும் மருந்து உங்களுக்கு ஒவ்வாது என்றால் அதை முன்கூட்டியே கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

படுக்கையருகே இருப்பவர்கள்

அறுவை அறையில் மருத்துவர் செலவிடுவது ஒரு மணி நேரம். அதன்பின் காயத்தைக் காப்பவர்கள் செவிலியர்கள். தனி ஒருவராக எத்தனை அறுவை செய்தாலும், கட்டுமாற்றவும் காய்ச்சலைக் கணிக்கவும் பயின்ற கைகள் இல்லையெனில் பயனில்லை என்பதை ஐடா விரைவில் உணர்ந்தார். 1909இல் வேலூரில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. பெண்கள் அந்நியரின் உடலைத் தொட்டுச் செய்யும் வேலையை இழிவாகக் கருதிய காலம் அது. அப்பள்ளியே வளர்ந்து 1946இல் பட்டப்படிப்பு தரும் கல்லூரியானது.

மருத்துவமனையில் உங்கள் காயத்தின் மீது இடப்படும் கட்டு வழக்கமாக 24 முதல் 48 மணி நேரம் வரை பிரிக்கப்படாமல் இருக்கும். அதற்குள் தோலின் விளிம்புகள் ஒட்டத் தொடங்கிவிடும். காயம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வரும் உறவினர்களுக்காகக் கட்டை விலக்கிக் காட்டாதீர்கள். குழந்தையைத் தூக்குபவர்கள் கைகழுவ வேண்டும் என்று கேட்கத் தயங்காத நீங்கள், உங்கள் கட்டைத் தொடுபவரிடமும் அதையே கேட்கலாம். அது மரியாதைக் குறைவு ஆகாது.

மயக்கம் தெளிந்து மருத்துவர் அனுமதித்தவுடன் எழுந்து மெல்ல நடங்கள். நடந்தால் தையல் பிரிந்துவிடும் என்ற அச்சம் வேண்டா. படுத்தே கிடந்தால் கால்களில் இரத்தம் உறையும் ஆபத்து உண்டு. எழும்போது நேராக எழாமல், ஒரு பக்கமாகத் திரும்பி, கையை ஊன்றி எழ வேண்டும். இருமும்போதும் தும்மும்போதும் சிரிக்கும்போதும் ஒரு தலையணையையோ மடித்த துணியையோ காயத்தின் மீது அணைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அரசு மருத்துவமனைகளில் சிசேரியன் செய்துகொண்ட தாய்க்கு, ஜனனி சிசு சுரக்ஷா காரியக்ரம் திட்டத்தின்கீழ் மருந்து, பரிசோதனை, தேவைப்படும் இரத்தம், 7 நாள்கள் வரை உணவு, வீடு திரும்ப ஊர்தி ஆகியவை கட்டணமின்றித் தரப்படுகின்றன. வீட்டு வேலை கிடக்கிறது, காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கும் பருவம் என்ற காரணங்களால் மருத்துவர் சொல்வதற்கு முன்பே புறப்பட்டுவிடாதீர்கள். மலை ஏறிச்சென்ற பின் மீண்டும் இறங்கி வருவது எத்தனை கடினம் என்பதை எங்களைவிட நீங்களே அறிவீர்கள்.

சாலையோர மரநிழலில்

வேலூர் மருத்துவமனைக்கு வர இயலாதவர்களை நாடி ஐடாவே சென்றார். வேலூரிலிருந்து குடியாத்தம் செல்லும் சாலையில் வாரந்தோறும் அவர் பயணம் செய்தார். முதலில் வண்டிமாடுகள்; 1909இல் ஒரு சிறிய பெஷோ மோட்டார் வண்டி வந்து சேர்ந்தது. மாடும் குதிரையும் இன்றி ஓடி வரும் வண்டியைக் கண்டு ஊரார் முதலில் அஞ்சி ஓடினர். பின்னர், குறித்த மரத்தடிகளில் கூட்டம் கூட்டமாகக் காத்திருந்தனர். புண்களைக் கழுவிக் கட்டுவதும், மருந்து தருவதும், மருத்துவமனைக்கு வர வேண்டியவர் யார் என்று பிரித்தறிவதும் அங்கேயே நடந்தன.

அந்த மரத்தடிக்கு வந்த புண்களில் சாம்பலும் சாணமும் இலைச்சாறும் அப்பியிருந்தன. இன்று சாணம் அப்புவோர் இல்லை. ஆனால் மஞ்சளும் தேங்காயெண்ணெயும் முகப்பவுடரும் இன்னும் காயத்தின் மேல் வந்து சேர்கின்றன. அன்பினால் செய்வதுதான், பாட்டியும் அத்தையும் தீங்கு நினைப்பதில்லை. மஞ்சள் சமையலுக்கு நல்லது. தையலிட்ட காயத்தின் மீது, கடையில் வாங்கிய எந்தத் தூளும் கிருமியற்றது இல்லை. மருத்துவர் எழுதித் தராத எதையும் அதன் மேல் இடாதீர்கள்.

குளிக்கலாமா என்பது எல்லாத் தாய்மாரும் கேட்கும் கேள்வி. மருத்துவர் கட்டைப் பிரித்து அனுமதி தந்த பின் குளிக்கலாம், குளிக்கவும் வேண்டும். காயத்தின் மீது வெதுவெதுப்பான நீர் தானாக வழிந்தோடட்டும், தேய்க்க வேண்டா. பிறகு தூய, உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, காற்றில் உலரவிட்டு, அதன் பின்னரே உடை அணியுங்கள். இங்கே ஒரு வழக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பிள்ளை பெற்றவளின் வயிறு இறங்குவதற்காகக் கொதிக்கக் கொதிக்க வெந்நீரை அடிவயிற்றின் மீது வீசி ஊற்றுவது பல வீடுகளில் உண்டு. சிசேரியன் செய்துகொண்டவருக்கு இதைச் செய்யவே கூடாது. காயத்தைச் சுற்றியுள்ள தோல் சில மாதங்கள் மரத்திருக்கும். சூடு தெரியாமல் வெந்துபோகும். அதே காரணத்தால், குளிருக்காக அடுப்பருகில் அமரும்போதும், சூடான ஒத்தடம் கொடுக்கும்போதும் எச்சரிக்கை தேவை.

மலையில் வாழும் உங்களுக்கு மற்றொரு இடர் உண்டு. மழையும் மூடுபனியும் சூழ்ந்த மாதங்களில் ஏற்காட்டில் துணி உலர்வதில்லை. ஈரம் சற்றே ஒட்டியிருக்கும் பாவாடையும் உள்ளாடையும் அடிவயிற்றுக் காயத்தின் மேலேயே வந்து படியும். ஈரமான தோலில் கிருமிகளும் பூஞ்சையும் எளிதில் வளரும். பிரசவத்திற்கு முன்பே கூடுதலாகச் சில பருத்தி உடைகளைத் துவைத்து நன்கு உலர்த்தி எடுத்து வையுங்கள். வெயில் இல்லாத நாள்களில் இஸ்திரி போட்டு ஈரத்தைப் போக்கி அணியுங்கள். பாவாடை நாடாவைக் காயத்தின் மேல் படாமல், இடுப்புக்கு மேலே தளர்வாகக் கட்டுங்கள். வயிறு பெருத்துள்ளவர்களுக்குத் தொங்கும் மடிப்பின் அடியில் வியர்வை தங்கும். நாள்தோறும் இருமுறை அம்மடிப்பை விலக்கி உலர்த்த வேண்டும். வயிற்றைச் சேலையால் இறுக்கிக் கட்டும் வழக்கம் காயத்தின் மேல் ஈரத்தையும் அழுத்தத்தையும் சேர்க்கிறது. மருத்துவரைக் கேளாமல் செய்ய வேண்டா.

பத்தியம் பற்றியும் ஒரு சொல். பருப்பு உண்டால் சீழ் வைக்கும், தண்ணீர் குடித்தால் வயிறு ஊதும் என்று சில வீடுகளில் இவற்றை நிறுத்திவிடுகின்றனர். உண்மை நேர்மாறானது. காயம் ஆறுவதற்குப் புரதம் வேண்டும். பருப்பு, முட்டை, பால், மீன், பயறு, கீரை, நெல்லி, ஆரஞ்சு யாவும் உண்ணலாம். தாகத்திற்குத் தடையின்றிக் குடியுங்கள். பால் சுரப்பதற்கும், மலச்சிக்கலால் முக்கித் தையலை வருத்தாமல் இருப்பதற்கும் நீர் தேவை. இரும்புச்சத்து மாத்திரையைப் பிரசவத்திற்குப் பின்னும் 180 நாள்கள் தொடர வேண்டும். எழுதித் தந்த நுண்ணுயிர் எதிர்ப்பி மாத்திரைகளை, உடல் தேறிவிட்டதென்று பாதியில் நிறுத்தாதீர்கள். பிறருடைய மாத்திரைகளை வாங்கி உண்ணவும் கூடாது. தாய்ப்பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை.

முதல் 6 வாரங்களுக்கு உங்கள் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்காதீர்கள். தண்ணீர்க் குடம், விறகுக் கட்டு, மிளகு மூட்டை ஆகியவற்றை வீட்டார் சுமக்கட்டும். இந்த வரியைக் கணவரும் மாமியாரும் படிக்குமாறு செய்யுங்கள்.

எப்போது இறங்கி வர வேண்டும்

சாலையோரத்தில் ஐடா செய்த மிக முக்கியமான வேலை, காத்திருக்கக் கூடாதவரைக் கண்டறிவதே. அவ்வேலையை இன்று உங்கள் வீட்டில் நீங்களே செய்ய வேண்டியிருக்கிறது. ஏனெனில் சிசேரியன் காயத்தில் தொற்று பெரும்பாலும் மருத்துவமனையில் தெரிவதில்லை. வீடு திரும்பிய பின்னரே வெளிப்படுகிறது. நான்காம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் அதிகமாகவும், 30 நாள்கள் வரையிலும் அது தோன்றக்கூடும்.

நாள்தோறும் ஒருமுறை, நல்ல வெளிச்சத்தில், கைகழுவிய பின் காயத்தைப் பாருங்கள். குனிந்து பார்க்க முடியாவிட்டால் ஒரு கண்ணாடியைப் பிடித்துப் பார்க்கலாம்; வீட்டார் ஒருவர் பார்த்துச் சொல்லலாம். இலேசான அரிப்பும் மரத்த உணர்வும் கிள்ளுவது போன்ற வலியும் ஆறும் காயத்தின் இயல்பு. வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறைந்த வலி மீண்டும் கூடினால் அதை முதல் எச்சரிக்கையாகக் கொள்ளுங்கள். காயத்தைச் சுற்றிச் சிவப்போ வீக்கமோ பரவுவது, தொட்டால் கொதிப்பது, சீழோ துர்நாற்றமுள்ள நீரோ கசிவது, தையல் விளிம்புகள் பிரிந்து வாய் திறப்பது, 100.4 டிகிரி அல்லது அதற்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம், பிறப்புறுப்பிலிருந்து துர்நாற்றத்துடன் கசிவு, மிகுந்த இரத்தப்போக்கு, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். நாளை பேருந்துக்குப் போகலாம் என்று தள்ளிப்போட வேண்டா. 108ஐ அழைத்தால் அவசர ஊர்தி வரும். ஐயம் இருந்தால் 104 என்ற எண்ணில் ஆலோசனை பெறலாம். உங்கள் பகுதிச் செவிலியரிடமும் கேட்கலாம். காயம் திறந்து உள்ளிருப்பது தெரிந்தால், தூய துணியால் மேலே மூடி, படுத்த நிலையில் வாருங்கள். எதையும் உள்ளே தள்ள முயலாதீர்கள்.

தொற்றைத் தொடக்கத்திலேயே கண்டால், பெரும்பாலும் மருந்தாலும் கட்டுமாற்றலாலும் குணமாகிவிடும். தாமதித்தால் அது இரத்தத்தில் பரவி உயிருக்கே ஆபத்தாகும். வெட்கத்தால் சிலர் அடிவயிற்றுக் காயத்தைப் பற்றிச் சொல்லாமல் இருந்துவிடுகின்றனர். திண்டிவனத்தில் மூன்று பெண்கள் இறந்தது நோயால் மட்டும் அன்று. காட்டக் கூடாது என்ற கட்டுப்பாட்டாலும்தான்.

வேலூர்க் கல்லூரி

அக்கட்டுப்பாட்டுக்கு ஐடா கண்ட விடை, பெண்களையே மருத்துவர்களாக்குவது. 1918 ஆகஸ்டில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை வேலூரில் தொடங்கினார். விண்ணப்பிக்க மூன்று பேர் வந்தாலே பெரிது என்று மாகாணத்தின் தலைமை மருத்துவ அதிகாரி எண்ணினார். அதைவிடப் பன்மடங்கு விண்ணப்பங்கள் வந்தன. முதலாண்டுத் தேர்வில், மாகாணத்தின் ஆண்கள் பள்ளிகளில் ஐந்தில் ஒரு பங்கினரே தேறிய நிலையில், வேலூரில் எழுதிய 14 மாணவியரும் தேறினர். 1938இல் அரசு விதிகள் மாறி, பட்டப்படிப்பு கட்டாயமாகியபோது பள்ளி மூடப்படும் நிலை வந்தது. ஏறத்தாழ 70 வயதில் ஐடா மீண்டும் அமெரிக்காவில் ஊர் ஊராகச் சென்று நிதி திரட்டினார். 1942இல் எம்.பி.பி.எஸ். படிப்பு தொடங்கியது. 1947இல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர். பெண்களுக்கென்று தந்த பணம் இதற்காகவா என்று நெடுநாள் தோழியர் சிலர் மனம் கசந்தனர். ஐடா தம் முடிவில் உறுதியாக நின்றார். அவருக்குப் பின் பொறுப்பேற்றவர், விசாகப்பட்டினத்தில் பிறந்த மகப்பேறு மருத்துவர் ஹில்டா லாசரஸ்.

இறுதி ஆண்டுகளை ஐடா கொடைக்கானலில் கழித்தார். 1960 மே மாதத்தில், 89ஆம் வயதில், அம்மலையிலேயே மறைந்தார்.

அடுத்த கர்ப்பத்திற்கு முன்

காயத்தின் மேல்தோல் சில வாரங்களில் ஆறிவிடும். உள்ளே கருப்பையில் உள்ள தழும்பு வலுப்பெற நாளாகும். அடுத்த கர்ப்பத்திற்குக் குறைந்தது 2 ஆண்டு இடைவெளி விடுங்கள். அதற்கான கருத்தடை முறைகளை, 6 வாரப் பரிசோதனைக்கு வரும்போது மருத்துவரிடம் கேட்டு அறிந்துகொள்ளலாம். முதல் சிசேரியன் எதற்காகச் செய்யப்பட்டது, எவ்வகைக் கீறல், காயத்தில் தொற்று ஏற்பட்டதா என்ற விவரங்கள் உங்கள் விடுவிப்புச் சீட்டில் இருக்கும். அச்சீட்டை மழையில் நனையாத உறையில் இட்டு, தாய் சேய் நல அட்டையுடன் சேர்த்து வையுங்கள். முன்பு சிசேரியன் ஆன பெண்ணுக்கு வீட்டிலோ வழியில் ஊர்தியிலோ பிரசவம் நிகழ்வது ஆபத்தானது. கருப்பைத் தழும்பு பிரியக்கூடும். எனவே வலி வரும்வரை மலையில் காத்திராமல், மருத்துவர் குறித்துத் தரும் நாளுக்கு முன்பே இறங்கி வந்து தங்குங்கள். மலைவாழ் கர்ப்பிணியர் முன்னதாக வந்து தங்குவதற்கான மகப்பேறு காத்திருப்பு அறைகள் தமிழகத்தில் சில ஆரம்ப சுகாதார நிலையங்களில் உள்ளன. உங்களுக்கு அருகில் எங்கு உள்ளது என்பதை உங்கள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் ஏழாம் மாதத்திலேயே கேட்டு வையுங்கள்.